பட்டியலில் விட்டுப்போன பெயர்

செப்டம்பர் 3, 2019, செவ்வாய்

புதிய பருவத்தின் பாத்திரப் பட்டியல் காலை 10.40க்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பருவத்தின் முதல் பாலே, நூறாண்டு உறங்கும் இளவரசியின் கதை. அரங்கேற்றம் நவம்பர் 23. அதில் வரும் அரண்மனை விழா அதிகாரி நான். 1988 அக்டோபர் 14 முதல் இன்றுவரை 212 முறை அந்த அங்கியை அணிந்திருக்கிறேன். விருந்தினர் பட்டியலில் தீய தேவதையின் பெயரை எழுத மறந்து, அழையாமல் வந்து நிற்கும் அவளிடம் விக்கின் முடியைப் பறிகொடுக்கும் அசட்டு மனிதன். ஆட்டம் கிடையாது; கையும் முகமும் பேசவேண்டும்.

அப்பாத்திரத்தின் எதிரே திமூரின் பெயர் இருந்தது. வயது இருபத்தாறு.

மூன்று முறை படித்தேன். என் பெயர் எங்குமே இல்லை. தீய தேவதையின் வண்டியை இழுக்கும் எலிகளின் வரிசையில்கூட.

செப்டம்பர் 4, புதன்

புதிய பாலே இயக்குநர் ஆர்சேனியை நேரில் கண்டு கேட்டேன். ஜூலை 15 அன்று மாஸ்கோவிலிருந்து வந்தவர். எழுந்து நாற்காலி போட்டார், மரியாதையில் குறையில்லை.

“மத்வேய் ஒசிப்பொவிச், ஏப்ரல்ல உங்களுக்கு இடுப்பு ஆபரேஷன்னு சொன்னாங்க. இனிமே எங்க வரப்போறீங்கன்னு நெனச்சேன். மத்தபடி வேற ஒண்ணுமில்ல.”

ஆபரேஷன் நடந்தது மார்ச் 29 அன்று. திருத்தினேன்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. மேடையில் அரசர் என்னை விசாரிக்கும்போது நான் கையசைத்துச் சொல்லும் சாக்கும் இதுவே: அந்தத் தீய தேவதை கோபுரத்தை விட்டு வெளியே வந்து பல்லாண்டாகிறது, இனி வரமாட்டாள் என்று நினைத்தேன், அரசே. 212 முறை சொன்ன சாக்கு. அதன் விலை ஒரு கைப்பிடி முடி என்பது எனக்குத் தெரியும்.

வரமாட்டேனாம். யார் சொன்னது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?

செப்டம்பர் 6, வெள்ளி

பாத்திரம் இல்லாத கலைஞரின் ஒப்பந்தம் டிசம்பர் 31 அன்று முடிகிறது. நானாகவே விலகினால் பூங்கொத்தோடு ஒரு பிரிவுபசார விழா எடுப்பார்களாம். விலகல் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொடுத்தார்கள். கையொப்பம் இடவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

என் மனைவி சோயா எங்கள் அரங்கின் விக் அறையில் வேலை செய்கிறாள். திமூரின் தலையை அளவெடுத்து வந்ததாகச் சொன்னாள். நான் சமையலறையில் அடுப்பருகே நின்று, அரசருக்குரிய மூன்று வணக்கங்களையும் செய்து பார்த்தேன். வீட்டில் அவளுக்கு நான் மோத்யா.

“மோத்யா, அடுப்புக்கு எதுக்கு வணக்கம் போடுற? கஞ்சி பொங்குது, தள்ளு.”

“எனக்கு நீ ஆறுதல் சொல்லக்கூடாதா?”

“ஆறுதலா? ஆறாத கஞ்சிதான் இருக்கு. கோபம் வந்தா அங்க போய்க் காட்டு. என் சமையலறையில யாரும் உன் பேரை அடிக்கல.”

அக்டோபர் 9, புதன்

முழுதாக எழுதவேண்டிய நாள்.

நண்பகல் 12.05க்கு நடிகர் வாசலில் நின்றேன். காவலுக்கு இருக்கும் கிளாவ்தியா ஒத்திகைப் பட்டியலில் விரலை ஓட்டினாள்.

“உங்க பேரு இல்லியே. இல்லாத ஆள உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு.”

“தெரியும்.”

“நான் இப்ப டீக்கு வெந்நீர் வைக்கப் போறேன். ரெண்டு நிமிஷம் ஆகும்.” ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

இருண்ட அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்தேன். தீய தேவதையாக இங்கா. முனைக்காலில் நின்று சுழன்றாள், பறந்தாள். பழுது சொல்ல முடியாது. ஆர்சேனி பியானோவை நிறுத்தினார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன் ஒருத்தருக்கும் பயமே வரல?”

“எனக்கே வரல,” என்றாள் இங்கா, மூச்சிரைக்க. “இவ எதுக்கு இவ்வளவு கொதிக்கிறா? ஒரு விருந்துதானே.”

“அவளைக் கூப்பிடல,” என்றேன், இருந்த இடத்திலிருந்தே.

ஆர்சேனி திரும்பினார். “உங்கள யாரு உள்ள கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடல. அதான் வந்தேன்.”

மேலங்கியைக் கழற்றாமல், கைத்தடியோடு மேடையேறினேன். ஒன்பது படிகள், ஆறாவதில் இடுப்பு முனகியது. நிற்கவில்லை. நேராகத் திமூரிடம் போய்க் கை நீட்டினேன். விருந்தினர் பட்டியலான காகிதச் சுருளைத் தந்தான். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை விரலால் மெல்லத் தேடினேன். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன்.

பாலேயில் எவரும் பேசுவதில்லை. பிள்ளை பேசிவிட்டான்: “மன்னிச்சிருங்க, மத்வேய் ஒசிப்பொவிச்.” பின்னால் நின்ற தோழிப் பெண்கள் இரண்டடி விலகினார்கள். யாரும் விலகச் சொல்லவில்லை.

இங்கா காலணியின் நாடாவை அவிழ்த்தாள். “ஆர்சேனி, அந்தக் காலத்துல இந்த வேஷத்த ஆம்பளைங்கதான் செஞ்சாங்க. அவருக்கே குடுங்க. நான் நல்ல தேவதையா ஆடிக்கிறேன்.”

அக்டோபர் 10, வியாழன்

ஆர்சேனி அழைத்திருந்தார். அழைத்தார் என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

“வண்டியில வரணும், நடு மேடையில இறங்கணும். உங்க இடுப்பு தாங்குமா?”

“இறங்கிருவேன். ஏத்துறது எலிகளோட பாடு.”

முதன்முறையாகச் சிரித்தார். பழைய விலகல் கடிதத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன், கையொப்பம் இல்லாமல்.

நவம்பர் 2, சனி

கறுப்பு அங்கியின் வால் மூன்று மீட்டர் நாற்பது. திரும்பும்போது இருமுறை தடுக்கியது. கைத்தடி இனித் தேவதையின் கோல்; சோயா அதற்குக் கறுப்பு வண்ணம் பூசியிருக்கிறாள்.

நவம்பர் 23, சனி

மாலை 7.04க்குத் திரை உயர்ந்தது. நான்கு நிமிடத் தாமதம்.

அதற்குச் சற்று முன்பு திமூர் என் பழைய அங்கியில் வந்து நின்றான். தோளில் கொஞ்சம் தொளதொளப்பு. கண்ணேறு படாமலிருக்க மேடையேறுமுன் நாங்கள் சொல்லும் தலைகீழ் வாழ்த்தைச் சொன்னான்: “மென்மயிரும் வேண்டாம், இறகும் வேண்டாம்.” அதற்கு நன்றி சொல்லக்கூடாது; வழக்கப்படி “பேய்கிட்டப் போ” என்றேன். “அவர்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்,” என்றான். துணிச்சல்காரன்.

அச்சுத் தாளில் என் பெயர் ஒன்பதாவது வரியில் இருக்கிறது. தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திங்கட்கிழமை காலை கவனிக்கவேண்டும்.

திமூரின் விக்கில் சோயா மூன்று கொத்துகளை மட்டும், இழுத்தால் கையோடு வரும்படி இளந்தையலிட்டிருந்தாள். எனக்கு முப்பத்தொரு ஆண்டுகளாக அப்படித்தான் தைத்தாள். மூன்றுக்கு மேல் தொடாதே, மற்றவை கெட்டித் தையல் என்று இருமுறை சொல்லி அனுப்பினாள்.

நான்கு பிடுங்கினேன்.