ஏழாவது கட்டத்தின் நாற்பது சுற்று

தம்பி,

சோறு மூடி வைத்திருக்கிறேன். நெற்றித் தையலில் தண்ணீர் படாமல் குளி.

தறிக்கான பாவு நூலைச் சுற்றும் உருளையில் நேற்று நான் சுற்ற நீ எண்ணிய ஏழாவது கட்டத்தைக் காலையில் அவிழ்த்து எண்ணினேன். மற்ற ஆறு கட்டங்களைப் போலவே சரியாக நாற்பது சுற்று. "நாப்பதுதான்க்கா, எண்ணிட்டேன்" என்று நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாய். நான்தான் ஒன்று குறைகிறது என்று கத்தி, உருளையின் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி உன் மண்டையைப் பிளந்தேன்.

ரத்தம் பட்ட நூலையெல்லாம் அறுத்து எறிந்துவிட்டேன். ஏழாவதை மறுபடி சுற்ற வேண்டும்.

மதியம் அம்மா வருவாள். படியில் விழுந்தேன் என்று மழுப்பாதே. அக்கா அடித்தாள் என்றே சொல்.

பி.கு.: கைப்பிடியைக் கழுவி மேசையில் வைத்திருக்கிறேன். நான் திரும்புவதற்குள் ஒளித்து வை. கெஞ்சினாலும் கொடுக்காதே. இனி சுற்றுவது நீ, எண்ணுவது நான். உன் ரத்தத்தைப் பார்த்த பிறகும் நேற்று மறுபடி அடிக்க ஓங்கிய என் கை தானாகத் தாழவில்லையடா.