கைரேகை விழாதவர்களை நாளை வரச் சொன்னேன்

அன்பான செல்லையா அண்ணனுக்கு,

நீங்கள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். சங்கத்து நோட்டீஸானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். இன்று வாசித்துக் காட்ட நீங்கள் இல்லாததால் எழுதுகிறேன். வேறு யாராவது படித்துவிட்டு என்னைத் திட்டினால் திட்டட்டும். நான் திட்டு வாங்க வேண்டியவள்தான்.

முதலில் கடைச் செய்தி. நம் கோட்டையூர் ரேஷன் கடையில் உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பில் போடுவதும் நான், எடை போடுவதும் நான். மூட்டையை இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நீங்கள் எடை போட்டு, நான் பில் போட்டு, நடுவில் இரண்டு பேரும் சண்டையும் போட்டு பத்து வருடம் ஓட்டிய கடை. லோடு இறங்கிய ஒரு மத்தியானம் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். "கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்றீர்கள். நான் செம்போடு திரும்புவதற்குள் உங்கள் தலை தொங்கிவிட்டது.

நம் சங்கம் ஸ்ட்ரைக் அறிவித்தது அதற்காகவும்தான் அண்ணே. அதற்காக மட்டும் என்று சொன்னால் பொய். சம்பளப் பிரச்சினை இருக்கிறது, எடை குறைந்து வரும் மூட்டைகளுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருப்பதும் இருக்கிறது. ஆனால் நோட்டீஸில் மூன்றாவது கோரிக்கை உங்களுடையது. வேலையில் இருக்கும்போது இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை. அது பாண்டியம்மா மதினிக்குக் கிடைத்துவிட்டால் உங்கள் வீடு நிமிர்ந்துவிடும் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஸ்ட்ரைக்குக்கு முந்தின நாள், மாதக் கடைசி வாரம். பூட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் தெருமுனை வரை நின்றது. கைரேகை மிஷின் ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிச் சுற்றி நின்றது. நம் கடையில் ஏழு பேருக்கு ரேகை லேசில் விழாது என்பது உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு குழைக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள். நீங்கள் இருந்தவரை கடை திறந்ததும் அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவீர்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, உங்கள் துண்டால் துடைத்து, விரலைப் பிடித்து நீங்களே அமுக்குவீர்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் காதிலேயே வாங்க மாட்டீர்கள்.

அன்று நான் அவர்களை ஓரமாக நிற்கச் சொன்னேன். ஒருவருக்காக மல்லுக்கட்டும் நேரத்தில் பத்துப் பேரை அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் மிஷினில் சார்ஜ் தீர்ந்தது. "நாளைக்கு வாங்க" என்று அந்த ஏழு பேரையும் அனுப்பிவிட்டேன். சென்னையில் பேச்சுவார்த்தை நடக்கிறது, எப்படியும் முடிந்துவிடும், காலையில் கடை திறப்போம் என்று எனக்கு ஒரு எண்ணம். முடியவில்லை. மறுநாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காரைக்குடிப் போராட்டப் பந்தலுக்கு பஸ் ஏறினேன்.

அந்த ஏழு பேரில் உங்கள் பாண்டியம்மாவும் ஒருவர். என் வீட்டு அரிசியை அந்த மாதம் முதல் வாரமே நான் வாங்கி வைத்துவிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மதினி இப்போது கானாடுகாத்தானில் வேலை பார்க்கிறார். ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றுகிறார்கள், அங்கே சுண்ணாம்புப் பூச்சுக்குக் கலவை எடுத்துக் கொடுக்கிற வேலை. மழை பிடித்தால் பூச்சு காயாது, ஆளை நிறுத்திவிடுவார்கள். கடை பூட்டிய வாரமே மழையும் பிடித்துக்கொண்டது. மாற்று ஆள் வைத்துக் கடைகளைத் திறப்போம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நம் ஊருக்கு யாரும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் உங்கள் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டுப் பந்தலில் வைத்தார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம், முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைத் தெரியாதவர்கள் பெரிய போராளி என்றே நினைத்திருப்பார்கள். மதினியைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வந்தது. மதினி பிரிக்கவில்லை. மெதுவாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"என்ன மதினி, எங்க சங்கத்துச் சோறு எறங்கலையா?"

"எறங்காம என்ன? கௌசி பள்ளிக்கூடம் விட்டு வரும்ல."

"வீட்ல ஒண்ணும் ஆக்கி வைக்கலையா?"

"ஆக்குறதுக்கு அரிசி வேணும்ல. நீங்கதான் கடையப் பூட்டிப்புட்டு இங்குட்டு வந்து உக்காந்திருக்கீக."

கோபமாகச் சொல்லவில்லை அண்ணே. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காலையில் கஞ்சி, ராத்திரி மரவள்ளிக்கிழங்கு. உங்கள் மகள் கௌசி பன்னிரண்டாவது படிக்கிறாள், அந்த வகுப்புக்கு மதியச் சத்துணவு கிடையாது. மணி அடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டு மரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாளாம். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. உங்கள் படத்துக்கு எதிரிலேயே சொன்னேன், "வாங்க மதினி, போய்த் தொறந்து தாரேன். என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்" என்று.

"தொறந்தா எல்லாருக்கும் தொறங்க. எனக்குன்னு தொறந்தீகன்னா, அப்புறம் அவுக படத்துக்கு முன்னால நான் எப்படி உக்கார்றது?"

எல்லாருக்கும் திறந்தால் ஸ்ட்ரைக் போச்சு. ஸ்ட்ரைக் போனால் மதினி வேலை போச்சு. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் வீட்டுக்குப் போய் எங்கள் அரிசியில் ஒரு பை அள்ளிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். மதினி மறுக்காமல் வாங்கிக்கொண்டார். உடனே உலை வைத்தார். ரசம் மட்டும்தான். கௌசி தலையைத் தூக்காமல் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கொண்டுபோய்க் கொடுத்தேன். மனசில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. இருபதாம் நாள் ஸ்ட்ரைக் முடிந்தது. சம்பளத்துக்கு ஏதோ வழி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. பரிசீலனை என்ற சொல்லை உங்களுக்கு நான் எத்தனை கடிதத்தில் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

இன்று காலை கடை திறந்தேன். மதினி வந்தார். மூன்றாவது தடவை ரேகை விழுந்தது. எடை போட்டேன். பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"போன மாசத்தது?"

"மிஷின்ல காட்டாது மதினி. மாசம் முடிஞ்சா அந்த அரிசி அம்புட்டுத்தான்."

அவர் பையின் வாயைக் கட்டினார். என்னால் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நாளைக்கு வாங்கன்னு சொன்னது நான்தான் மதினி. நான் மட்டும் ஒங்களுக்கு மொதல்ல போட்டிருந்தா..." என்று அழுதுவிட்டேன்.

"எனக்கு மட்டுமா சொன்னீக?" என்றார். "ஏழு பேரு நின்னோம். செல்லையா பொண்டாட்டின்னு என் வீட்டுக்கு மூணு தரம் அரிசி வந்துச்சு. மத்தவுக வீட்டுக்கு யாரு போனது? கருப்பாயி அக்கா ஒத்தையில கெடக்கு. அதுக்குப் பிள்ளையா குட்டியா? அது என்னத்தத் தின்னுச்சுன்னு கேட்டீகளா?"

கேட்கவில்லை அண்ணே. இருபது நாளில் ஒரு நாள்கூட எனக்கு அந்த ஆறு பேரின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் ஈடு கட்டியதெல்லாம் உங்களுக்குத்தான். பசித்தவர்களுக்கு இல்லை. மதினி போன பிறகு அந்த ஆறு பேருக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் மத்தியானத்துக்குள் வந்து வாங்கிப் போய்விட்டார்கள், ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருப்பாயி அக்கா மட்டும் வரவில்லை. கடை திறக்கிற நாளில் வாசலில் முதல் ஆளாக நிற்கிறவர் அவர்.

சாயங்காலக் கூட்டம் முடிந்து, கல்லாப்பெட்டிமேல் இந்தத் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை மடித்ததும் கடையைப் பூட்டப் போகிறேன். வீட்டில் மிச்சமிருக்கிற அரிசியை எடுத்துக்கொண்டு நேராகக் கருப்பாயி அக்கா வீட்டுக்கு, அங்கிருந்து மற்ற ஐந்து வீட்டுக்கும். ஸ்ட்ரைக்கால்தான் என்று யாரிடமும் சாக்குச் சொல்ல மாட்டேன். நான்தான் போகச் சொன்னேன் என்று சொல்வேன். இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

நான் கூப்பிடும்போது உள்ளேயிருந்து கருப்பாயி அக்காவின் குரல் வர வேண்டும் அண்ணே. அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
ரீத்தாமேரி