உதிரியாய் ஐந்து தோட்டாக்கள்

அக்டோபர் 3, செவ்வாய்

என்னோடு வேலை செய்யும் லீமனை அடித்துவிட்டார்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில், காசு போட்டால் பாட்டில் தரும் எங்கள் கம்பெனிக் குளிர்பான மெஷினைத் திறந்து சில்லறையைப் பையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான். பின்னாலிருந்து வந்து கீழே தள்ளி, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். முழங்கையில் தையல். மத்தியானம் கிடங்குக்கு வந்து எல்லாரிடமும் அதைக் காட்டினான், போர்க்களத்திலிருந்து திரும்பியவன் மாதிரி.

"ராய்ஸ், நீயும் தனியாப் போற ஆளு. சின்னதா ஒரு ரிவால்வர் வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்க. தினமும். பல் தேய்க்கிற மாதிரி" என்றான்.

"நான் தினமும் பல் தேய்க்கிறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் லாரியில் ஏறி அவரவர் வழியில் போனோம்.

இந்த வயதில் முதல் துப்பாக்கி. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் மிசூரியில் பிறந்து வளர்ந்தவன் இதை வெளியே சொல்லக்கூடாது. அப்பா மானடிக்கப் போவார், நான் மீன் பிடிப்பதோடு நின்றுவிட்டேன். மீன்கூட என்னைப் பார்த்துப் பெரிதாகப் பயந்ததில்லை.

வீட்டில் சொல்ல ஆளில்லை. மகள் கெண்ட்ரா ஆகஸ்டில் வேலை கிடைத்து ஓமஹாவுக்குப் போய்விட்டாள். அவள் அம்மா அதற்கு வெகு முன்பே, நீச்சல்குளம் கட்டுகிறவன் ஒருவனோடு. எங்களுக்கு நீச்சல்குளமே கிடையாது. அவன் எதற்கு வீட்டுக்கு வந்தான் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 7, சனி

மேவிஸின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். தானியக் கிடங்குக்கு எதிரே, பழைய டயர் கடை இருந்த இடம். மேவிஸுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள் மாதிரி இருக்கிறாள்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். தோட்டா போடும் உருளையைத் திறந்து, காலி என்று தான் பார்த்து, எனக்கும் காட்டி, திறந்தபடியே கொடுத்தாள். நான் வாங்கி, குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன்.

"ஐயா! அந்தப் பக்கம் பாக்கறது வேண்டாம்!"

"உள்ளே சுத்தமா இருக்கான்னு பாத்தேன்."

"சுத்தமாத்தான் இருக்கு. உங்க கண்ணும் அப்படியே இருக்கட்டும்."

கல்லாவுக்கு இந்தப் பக்கம் எப்போதும் உட்கார்ந்திருக்கும் ஒருவர், பெயர் கார்லிஸ், ஓய்வு பெற்ற மின்வாரிய ஆள், தொண்டையைக் கனைத்தார். "ரிவால்வரா? கௌபாய் படம் மாதிரி கூடவே குதிரையும் ஒண்ணு வாங்கிடுங்க."

"குதிரைக்கு வீட்ல இடம் இருக்கு. ஆள் ஒண்ணு குறைஞ்சுபோச்சு" என்றேன்.

அங்கே ஆளுக்கொரு கருத்து. லேசானது வாங்கு, பாக்கெட் தொங்காது. லேசானது வாங்காதே, சுட்டால் கையைக் கடிக்கும். விசை கெட்டியாக இருந்தால் நல்லது. இல்லை, உன் ஆள்காட்டிவிரல் வீக்கத்துக்கு அது ஆகாது. என் ஆள்காட்டிவிரலைப் பற்றி நாலு பேர் அக்கறையோடு விவாதித்தார்கள். அதற்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது இதுதான் முதல் தடவை.

வெளியே வந்தபோது காலைப் பொழுது முழுக்கப் போயிருந்தது. தொண்டை கட்டியிருந்தது. சளி என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

கெண்ட்ராவைக் கூப்பிட்டேன். தோழிகளோடு வெளியே இருந்தாள். துப்பாக்கி விஷயம் சொல்லவில்லை. வானிலை சொன்னேன்.

அக்டோபர் 11, புதன்

மேவிஸ் ஒரு யோசனை சொல்லியிருந்தாள். "வாங்கறதுக்கு முன்னாடி அதே கனத்துல எதையாவது ஒரு வாரம் பாக்கெட்ல போட்டுட்டு நடங்க. அப்பத்தான் தெரியும், எது உங்களுக்கு ஒத்துவரும்னு."

மீன் அடைத்த தகர டப்பா ஒன்றும் அதோடு ஒரு பூட்டும் சேர்த்தால் சரியாக வந்தது. ஒரு காலுறைக்குள் போட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். சோபா ஃபேக்டரியில் மெஷினின் கீழ்வரிசைக்குச் சிப்ஸ் அடுக்கக் குனிந்தபோது தொடையில் குத்தியது. இறைச்சிக்கூடத்தில் நிமிர்ந்தபோது கால்சட்டை ஒரு பக்கம் இறங்கியது. அங்கே யாரும் இல்லை, மானம் தப்பியது. நான் போகும் நேரத்தில் எங்கேயும் யாரும் இருப்பதில்லை. ஒரு ஷிப்ட் உள்ளே போயிருக்கும், இன்னொன்று வந்திருக்காது.

அங்கே மெஷின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. 'மூணாவது தடவையா என் காசைத் தின்னுடுச்சு. இந்த மெஷினும் திருடன், இதுக்குத் தீனி போடறவனும் திருடன்.' மெஷினைச் சரிசெய்தேன். அடியில் பதில் எழுதி வைத்தேன்: 'தீனி போடறவன் மன்னிப்புக் கேட்டுக்கறான். உங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க, மேல் வரிசையில வைக்கிறேன்.'

திட்டுதான். இருந்தாலும் மத்தியானம் வரை சந்தோஷமாக இருந்தேன்.

சாப்பாட்டுக் கடையில் பாக்கெட் உறுத்துகிறதே என்று காலுறையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பரிமாறுகிற பெண் அதற்குள் எட்டிப் பார்த்தாள். "சாப்பாட்டை நீங்களே கொண்டுவந்தா நாங்க எதுக்குப்பா கடை வச்சிருக்கோம்? அதுவும் பூட்டு வேற போட்டு!"

அக்டோபர் 14, சனி

கடைக்குப் பின்னால் சுடும் இடத்தில் சுட்டுப் பார்த்தேன். லேசானது நிஜமாகவே கடித்தது. எஃகில் செய்தது பரவாயில்லை, நல்ல நாய் மாதிரி கனமாக, சாதுவாக இருந்தது. முதலில் எடுத்ததற்குப் பின்பக்கம், தோட்டாவை அடிக்கும் சுத்தியல் துருத்திக்கொண்டிருந்தது. பாக்கெட்டிலிருந்து உருவிக் காட்டச் சொன்னார்கள். அது உள்துணியில் மாட்டி, பாக்கெட்டே பிதுங்கி வெளியே வந்தது. பழைய ரசீது, சில்லறை, இருமல் மிட்டாய் எல்லாம் தரையில்.

"திருடன் இரக்கப்பட்டு அவனே ஏதாவது கொடுத்துட்டுப் போவான்" என்றார் கார்லிஸ்.

கடைசியில் முடிவானது: எஃகு, குட்டைக் குழல், ஐந்து தோட்டா, சுத்தியல் உள்ளே மறைந்தது. மேவிஸ் எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள். வரும் சனிக்கிழமை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முடிவாகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. இன்னும் இரண்டு வாரம் குழம்பியிருக்கலாம்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை நீளம். வீட்டுக்குள் இருக்க முடியாமல் முற்றத்தில் நிற்கும் லாரியில் போய் உட்கார்ந்திருந்தேன். எங்கேயும் போகவில்லை. சீட் பெல்ட் போட்டிருந்தேன், ஏனென்று கேட்டால் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு நான் வேலைக்குப் போகாவிட்டால் யாருக்கு முதலில் தெரியும்? கிடங்கில் மெஷின் சாவியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், யாரும் பார்ப்பதில்லை. இறைச்சிக்கூடத்து மெஷின் வியாழக்கிழமை காலியாகும். அங்கிருந்து அலுவலகத்துக்குத் திட்டிப் போன் வரும். ஆக, வியாழக்கிழமை.

வெறும் கணக்குதான். வேறொன்றுமில்லை.

அக்டோபர் 21, சனி

எப்படி எழுதுவது — சரி, நடந்ததை நடந்தபடி.

பணத்தோடு போனேன். மேவிஸ் ரிவால்வரை எடுத்தாள், திறந்தாள், பார்த்தோம். துப்பாக்கிக்கு உறை வேண்டுமா என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். தோட்டா? ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள்.

"முழு டப்பா எதுக்கு மேவிஸ்? உதிரியா அஞ்சு மட்டும் கிடைக்குமா?"

காலமெல்லாம் பெட்டியைப் பிரித்து ஒற்றை ஒற்றையாகத் தின்பண்டம் விற்கிறவன் நான். வாயில் அதுதான் வரும். ஐந்து அறை, ஐந்து தோட்டா. அவ்வளவுதான்.

கார்லிஸ் எழுந்து, சுவரில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேவிஸ் ரிவால்வரை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"இன்னிக்கு உங்களுக்கு விக்கலை, ராய்ஸ்."

"ஏன்? நான் என்ன செஞ்சேன்?"

அவள் கல்லாவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க தொழில்ல இப்படி யாராவது கேட்டா விக்கக்கூடாதுன்னு வச்சிருக்கோம். உறை வேண்டாம், சுட்டுப் பழக வேண்டாம், தோட்டா கொஞ்சம் போதும்னு தனியா ஒரு ஆள் வந்து கேட்டா. நேராவே கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களையே சுட்டுக்கறதுக்கா வாங்கறீங்க?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பாதி வழியில் வேறெங்கோ போய்விட்டது.

"என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? நான் ஜோக் அடிக்கிறவன்மா! வந்த நாள்லேர்ந்து ஜோக் அடிச்சிட்டிருக்கேன்!"

"முன்னாடி ஒருத்தருக்கு வித்தேன். அவரும் கடையையே சிரிக்க வச்சிட்டுத்தான் போனாரு" என்றாள்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. காசுக்கு வக்கில்லாதவனா, பைத்தியமா — அந்த மாதிரி ஏதோ. காபி ஊற்றிக் கொடுத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

சிக்கனமாக இருந்தது ஒரு குற்றமா? ஊர் முழுக்க இன்னேரம் தெரிந்திருக்கும். நெடுஞ்சாலையில் பெரிய கடை ஒன்று இருக்கிறது, நாளைக்கு அங்கே வாங்கிக்கொள்கிறேன். முழு டப்பா. இரண்டு டப்பா. உறை. எல்லாம்.

திருடனுக்காகத்தான் வாங்குகிறேன். லீமனுக்கு நடந்தது எனக்கும் நடக்கலாம். அவ்வளவுதானே?

அப்படியென்றால் வரும் வழியில் லாரியை நிறுத்திவிட்டு ஏன்டா அழுத?

அக்டோபர் 23, திங்கள்

பெரிய கடைக்குப் போனேன். அதே எஃகு, அதே ஐந்து. விற்கிறவன் கைபேசியைப் பார்த்தபடியே எடுத்துப் போட்டான்.

"நான் இதை எதுக்கு வாங்கறேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

"அது உங்க விஷயம் சார்."

மரியாதையாகத்தான் சொன்னான். தப்பு ஒன்றுமில்லை. ரிவால்வர் கையில் நன்றாகப் பொருந்தியது. அங்கே நின்றுகொண்டு அதைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இத்தனை வாரத்தில் ஒரு தடவைகூட நான் அந்த ஓய்விடத்தையோ திருடனையோ நினைத்துப் பார்க்கவில்லை. என் சமையலறையைத்தான் நினைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துச் சமையலறை.

கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். லாரியில் உட்கார்ந்து கெண்ட்ராவைக் கூப்பிட்டேன்.

"அப்பா? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான்."

"சும்மா நீங்க வேலை நேரத்துல கூப்பிட மாட்டீங்க. சொல்லுங்க."

அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். "குளிரை விடுங்க, அப்பா" என்றாள். காத்திருந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன், துப்பாக்கி உட்பட.

"இப்ப உங்க கையில இருக்கா?"

"இல்லம்மா. கடையிலேயே வச்சுட்டேன்."

"வண்டியை எடுத்து லீமன் வீட்டுக்குப் போங்க. நான் கிளம்பறேன். போனை வைக்காதீங்க, அப்பா. ஓட்டும்போதும் பேசிட்டே ஓட்டுங்க."

வானிலை பற்றிப் பேசினேன். எல்லா ஊர் வானிலையும்.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்று இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். லீமன் வீட்டு வாசலில் கார்ச்சாவி கையில் இருக்க, கோட்டைக்கூடக் கழற்றாமல் திட்டினாள். அந்த வியாழக்கிழமைக் கணக்கையும் சொல்லியிருந்தேன்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா ஒரு சிப்ஸ் மெஷின் காலியானாத்தான் எனக்குத் தெரியணுமா? நான் யாருப்பா உங்களுக்கு?"

பதிலுக்கு ஒரு ஜோக் வந்தது. முழுங்கினேன். வாழ்நாளில் நான் அடிக்காமல் விட்ட முதல் ஜோக். நல்ல ஜோக்கும்கூட.

லீமன் மனைவி இறைச்சியும் பயறும் போட்ட சில்லி சூடாக்கி வைத்தாள். மூன்று தட்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 27, வெள்ளி

ஒரு மனநல ஆலோசகரிடம் கெண்ட்ரா அழைத்துப் போனாள். அந்த ஆலோசகர் என்னைவிட இளையவள். ஜோக் சொன்னேன், சிரித்தாள். சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள். வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 5, ஞாயிறு

கெண்ட்ரா போன வாரமே ஓமஹாவுக்குத் திரும்பிவிட்டாள். இன்று நீளமாகத்தான் இருந்தது. பொய் எழுதுவானேன். சாயங்காலம் கூப்பிட்டாள். போனை மேஜைமேல் சாய்த்து வைத்து, அவள் அங்கே சமைத்தாள், நான் இங்கே சமைத்தேன். என்னுடையது தீய்ந்தது.

நவம்பர் 11, சனி

மன்னிப்புக் கேட்கலாம் என்று மேவிஸ் கடைக்குப் போனேன். வாய் திறப்பதற்குள் காபி வைத்தாள். இந்தத் தடவை குடித்தேன். மகா மட்டமான காபி.

"அது இன்னும் உள்ளேதான் இருக்கு. வேணுமா?" என்றாள்.

"இப்ப வேண்டாம்."

"சரி. அது எங்கேயும் ஓடிடாது. வசந்தம் வரட்டும், அப்பவும் வேணும்னு தோணினா வாங்க, பேசலாம். ஆனா முழு டப்பாதான்."

கார்லிஸ் நாற்காலியை எனக்கு நகர்த்திக் கொடுத்தார். அன்று அவர் பார்த்துக்கொண்டு நின்ற சுவரில் இப்போது மனம் நொந்தவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருக்கிறது. இரவு பகல் எப்போதும் பேசலாமாம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேட்டைக் காலத்தைப் பற்றிப் பேசினோம்.

நவம்பர் 14, செவ்வாய்

முதலாளியிடம் போய், இனிமேல் சில்லறை எடுக்கும் இடங்களுக்கு இரண்டு பேராகப் போகலாமா என்று கேட்டேன். லீமனும் கூட வந்து நின்றான். வெளியே வந்ததும் லீமன் மெதுவாகச் சொன்னான். "யார்கிட்டயும் சொல்லாத. அன்னிலேர்ந்து அந்த ஓய்விடம் வந்தாலே வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்துட்டுத்தான் இறங்கறேன்."

தையலை மட்டும்தான் ஊருக்குக் காட்டியிருக்கிறான்.

நவம்பர் 30, வியாழன்

இரண்டு வாரமாக லீமனோடு ஒரே லாரி. இன்று முழுவதும் தன் மூட்டுவலி, மச்சினன், அடைத்துக்கொண்ட சாக்கடை, மறுபடி மூட்டுவலி. சோபா ஃபேக்டரி வருவதற்குள் என் காது களைத்துவிட்டது. "கொஞ்ச நேரம் வாயை மூடுடா, புண்ணியமாப் போகும்" என்றேன். அரை மைல் மூடியிருந்தான். அப்புறம், "ஏன், கோவமா?" என்று ஆரம்பித்து அதைப் பற்றியே பேசினான்.

காலையில் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறான். ஒரு நிமிடம் தாமதமானால் இறங்கி வந்து கதவை இடிக்கிறான். இன்று சவரம் பாதியில் நின்றது. மழித்த ஒரு கன்னத்தோடு வேலைக்குப் போனேன்.

நாளைக்கு இன்னும் சீக்கிரம் வருவானாம். அலாரம் வைக்க வேண்டும்.