மேற்குச் சூலமும் செயுத்தா கல்யாணமும்

உத்திரமேரூர்,
ஜூன் 14

அன்புள்ள தமிழரசனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் கறவை மாடும் சுகம். அங்கே நீயும் மருமகள் நாதியாவும் சுகமாக இருப்பீர்கள் என்று, நீ போனை எடுக்காததால், நானே வைத்துக்கொள்கிறேன். முதலில் முக்கியச் செய்தி. சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு உன் நைனா, இருபத்தாறு வருஷமாகக் குடித்துவந்த சுப்ரமணி கடை டீயைக் கைவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடைக்கு மாறுவது என்று தீர்மானித்து, அதை அன்றே நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார். இந்த ஊர்ச் சபையார் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டிய பிறகு இவ்வளவு யோசித்து இங்கே எடுத்த முடிவு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதைக் கல்லில் வெட்ட இன்னும் ஆள் வரவில்லை. கடை மாறிய காரணம் கீழே வரும்.

நாங்கள் வராமல்போன உன் கல்யாணத்தன்று நீ கடைசியாக அனுப்பியது ஒரே வரி: நைனாவுக்கு இஷ்டமில்லை என்று தெரியும், சாக்கு சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு நான் அனுப்பிய பதினோரு குரல் பதிவுகளும் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. எங்கள் இருவர் எண்ணையும் நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று போன் கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். ஆகவே உன் துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் ஆல்பர்ட், லீவில் செங்கல்பட்டு வந்தவர், திரும்பும்போது அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தைத் தடுத்து வைக்கும் வசதி இன்னும் வரவில்லை. நைனா உன்னிடம் போனில் சொன்னது "வர முடியல, அவ்ளோதான், வெச்சிடு" என்பது மட்டும். நீ அதை உன் பெண்டாட்டி மேல் எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டாய். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. நடந்தது வேறு. தீர்ப்பு அளவுக்கு அதில் கௌரவம் இல்லை என்பதால்தான் அவர் வாய் திறக்கவில்லை.

தை மாதம் நான் மட்டும் உன்னிடம் வந்துவிட்டுத் திரும்பினேன் அல்லவா, அதிலிருந்து சொல்ல வேண்டும். ஸ்பெயினில் இறங்கி, கப்பலேறி, ஒரு மணி நேரத்தில், அதாவது இங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு டவுன் பஸ் போகும் நேரத்தில், ஐரோப்பாவை விட்டு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே உன் செயுத்தாவில், மறுபடியும் ஸ்பெயினிலேயே இறங்கினேன் என்று சொன்னபோது இந்தத் தெருவில் யாரும் நம்பவில்லை. போர்ச்சுகல்காரன் பிடித்து, ஸ்பெயின்காரன் கைக்கு மாறி, கோட்டையைச் சுற்றிக் கடலையே அகழியாக வெட்டிவிட்டு, அந்த அகழியில் இப்போது படகுச் சவாரி விடுகிறார்கள் என்றேன். மசூதி, மாதா கோயில், யூதர் கோயில், சிந்திக்காரர்கள் கட்டிய நம் கோயில், நான்கும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன என்றேன். எதிர்வீட்டுச் செல்லாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் கனகா, பொண்ணு வூட்ல இன்னா போட்றாங்க?" என்றாள். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் போர்ச்சுகல் அரச குடும்பம் தங்கள் பெண்ணுக்குச் சீதனமாகப் பக்கத்து ஊர் தாஞ்சியரையும் கூடவே பம்பாயையும் கொடுத்தார்கள் என்றேன். "அப்ப பம்பாய் உங்க பங்குல வருதா?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். உன் நைனா மட்டும் எதையும் கேட்கவில்லை. செயுத்தா மலைக்கோட்டையிலிருந்து நான் எடுத்துவந்த படங்களில் ஒரே ஒரு படத்தை வெகுநேரம் பார்த்தார். ஊரைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மூன்று பங்காக நிற்கிற அந்த எல்லை வேலி. அடுத்தவன் நிலத்துக்குள்ளே தனக்கு ஒரு துண்டு, அதைச் சுற்றி வேலி, இரு பக்கமும் பேச்சுவார்த்தை கிடையாது. வேதகிரிச் சித்தப்பாவின் கழனிக்கு நடுவே நமக்கிருக்கும் எட்டு சென்ட்டை நினைத்தாரோ என்னவோ, உலக அரசியல் அவருக்கு அந்த நிமிஷத்தில் முழுக்கப் புரிந்துவிட்டது. பெண்ணின் அப்பா மீன் கடைக்காரர், மசூதிக்குப் போகிறவர். அம்மா அக்கரையிலிருந்து வந்தவர், மாதா கோயிலுக்குப் போகிறவர் என்று நான் சொன்னதற்கு மூன்று மாதம் பதில் இல்லை. சித்திரை பிறந்து ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணு மீன் கொழம்பு நல்லா துன்னுமா?" என்று கேட்டார். என்னைவிட நன்றாகத் தின்பாள் என்றேன். "அப்ப செரி" என்று கை கழுவப் போனார். உன் கல்யாணத்துக்கு நம் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் இதுதான். மறுநாளே விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

டிக்கெட் வெள்ளிக்கிழமை விடியற்காலைக்குக் கிடைத்தது. வெள்ளி மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்று பஞ்சாங்கமே சலுகை தருகிறது, நானும் சொன்னேன். பிள்ளை கல்யாணத்துக்கு வெல்லத்தை நம்பிப் போக முடியாது என்று உன் நைனா பரஸ்தானம் வைப்பது என்று முடிவு செய்தார். உனக்கு மறந்திருக்கும்: ஆகாத நாளில் கிளம்ப வேண்டியிருந்தால், ஆகிற நாளிலேயே பெட்டியைப் போகிற திசையில் ஒருவர் வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வேட்டியும் பட்டுப்புடவையும் வைத்தால் போதும். ஆனால் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்தான் ஆள், அது நகராமல் வேட்டி நகர்ந்து என்ன பிரயோசனம் என்று அவர் வாதாடினார். அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்கும் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பாஸ்போர்ட்டும் பெட்டிக்குள் போயின. நமக்கு நேர் மேற்கே சொந்தம் என்று இருப்பது ஒரே வீடு, வேதகிரி வீடு. அந்த எட்டு சென்ட்டுக்காக இரண்டு பேரும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும். புதன்கிழமை காலை உன் நைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்று, "வேதகிரி, பையன் கல்யாணம், பொட்டிய வெச்சிக்க" என்றார். அவரும், "குடு அண்ணே, உள்ள வெக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். இரண்டு நாட்டுத் தூதர்கள் செய்யத் தவறியதை ஒரு பெட்டி செய்தது.

வியாழன் மாலை விமான நிலையம் போக முனியன் வாடகைக் காரோடு வந்துவிட்டான். பெட்டியை எடுக்கப் போனால் வேதகிரி வீட்டில் பூட்டு. போன் போட்டால் மணி உள்ளேயே அடிக்கிறது. பெட்டிக்குத் துணையாகப் போனையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கே போனார்கள் என்று கேட்டதற்குச் செல்லாயி, "பழசீவரம்னு சொன்ன மாதிரி கீது, மலைக்கோயிலுக்கு" என்றாள். உன் நைனா காரில் பழையசீவரம் ஓடி, முழங்கால் வலியோடு அத்தனை படியும் ஏறி இறங்கிவிட்டு வந்தார். அவர்கள் போனதோ திருப்புட்குழிக்கு. வேதகிரியின் மருமகள் புஷ்பாவுக்கு ஐந்து வருஷமாகக் குழந்தையில்லை. வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு அங்கே படுத்து எழுந்தால், பயறு முளைத்திருந்தால் குழந்தை என்று ஐதீகம். வீட்டோடு போய்விட்டார்கள். கிளம்பும் அவசரத்தில் பெட்டி யாருடையது என்பது நினைவில்லை, பெட்டியைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்ததால் பூட்டு இரண்டு போட்டிருந்தார்கள். நான் வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துப்போனேன். உன் நைனா கதவுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டார். "மூணு வருஷம் கழிச்சி நேத்துதான் அவன் என்னிய அண்ணேன்னு கூப்பிட்டுக்கீறான். பூட்ட ஒடச்சிட்டு நாளைக்கி எம்மருமவ இங்க வரசொல்ல எவன் வாசல்ல இட்டுக்கினு போயி நிப்பேன்?" என்றார். முனியன், "இன்னா பெருசு, பிளேனு நிக்காதே" என்று கெஞ்சினான். நின்றது இவர் மட்டும்தான். கடைசியில் முனியன் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேதகிரி தேங்காய் பழத்தோடு வந்து இறங்கினார். பயறு முளைத்துவிட்டதாம். உன் நைனாவைப் பார்த்ததும், "இன்னாண்ணே, நீ போவல?" என்று கேட்டார். பிறகு விஷயம் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரிடம் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை கல்யாணத்துக்கு வெள்ளியன்று வேறு எந்த விமானமும் எங்களைக் கொண்டுவந்து சேர்க்காது என்று ஆகிவிட்டது. சுப்ரமணி கடையில் யாரோ ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். பெட்டி வைத்த கதையைச் சொல்ல வெட்கப்பட்டு இவர் டீயை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த மௌனத்துக்கு ஊர் உடனே பொழிப்புரை எழுதிவிட்டது. "மனுசன்னா ஏகாம்பரம்தான். பெத்த புள்ளையே ஆனாலும் கொள்கைன்னா கொள்கை" என்று சுப்ரமணி எல்லோர் முன்னாலும் சொல்லி அன்றைய டீயை இலவசமாகக் கொடுத்திருக்கிறார். வேறு சாதி, வேறு மதம், கடல் கடந்த பெண், மூன்றையும் ஒரே வீச்சில் தள்ளிய தலைவர் என்று தினமும் காலையில் பாராட்டு. முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட இது பரவாயில்லை என்று பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். திங்கட்கிழமை நாதியாவின் அம்மா என் தங்கை போனுக்கு ஒரு படம் அனுப்பினார். நீங்கள் மாலையோடு நிற்கிறீர்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலி காலி, ஒன்றின்மேல் மல்லிகைச் சரம். உன் நைனா அந்த நாற்காலியை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய் காலை டீக்கடை மாறினார்.

ஆகவே தம்பி, உன் நைனா கொள்கைக்காரர் அல்ல. உனக்கு அப்படி ஒரு கௌரவமான அப்பா வாய்க்கவில்லை. பிள்ளை கல்யாணத்துக்கு ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்று அளவுக்கு மேல் ஜாக்கிரதையாக இருந்து, அந்த ஜாக்கிரதையாலேயே கல்யாணத்தைக் கோட்டைவிட்டவர். நீயாகக் கூப்பிட்டால் மறுநாளே கிளம்புவார், கூப்பிடாமல் கிளம்ப மாட்டார். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து உனக்கு வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கப்பல் தளத்தில் நிற்கும்போது தலையில் துணி போட்டுக்கொள். நாதியாவை எங்கள் பேச்சால் அழவிடாதே; மாமனார் மீன் குழம்பைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார் என்று அவள் பாஷையில் எடுத்துச் சொல். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். இருவரும் மனமொத்து, பிள்ளை குட்டியோடு நெடுங்காலம் வாழ வேண்டும். மறக்காமல் எண்ணைத் திறந்து வை.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா கனகா

பி.கு.: மடிப்பதற்குள் நைனா இதை எடுத்துப் படித்துவிட்டார். கடப்பாரை விஷயத்தை மட்டும் அடித்துவிடச் சொன்னார், நான் அடிக்கவில்லை. உறையை அவரே ஒட்டினார். எங்கள் விசா இந்த மாதம் இருபத்தேழாம் தேதியோடு முடிகிறது.