லுபோஷ் என்று ஒருவர்

தீவு வீடு, ஸ்காட்லாந்து
2 நவம்பர் 2009

அன்பு மகள் மைரிக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். ஆடுகளும் சௌக்கியம், கிழட்டுக் கிடா மட்டும் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. போன வாரம் நீ போனில் பேசியதில் பாதிதான் புரிந்தது. இந்தக் காதை வைத்துக்கொண்டு இனி போன் வேண்டாம், கடிதமே போடு.

ஒரு சந்தேகம். பிராகில் நீ வேலை பார்க்கிற ஆங்கிலப் பத்திரிகையை நூலகத்து ஷீனா வாராவாரம் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்துத் தருகிறாள். எந்தத் தெருவில் டிராம் ஓடாது, விசா ஆபீசில் என்ன புது விதி, ஆங்கிலம் பேசுகிற பல் டாக்டர் எங்கே கிடைப்பார் என்று அங்கே குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நீங்கள் சொல்வதையெல்லாம் நானும் படிக்கிறேன். வியாழக்கிழமைதோறும் நீ எழுதும் பத்தியைத்தான் முதலில் எடுப்பேன். அதில் வருகிற லுபோஷ் யார்? காட்டிலிருந்து கூடை கூடையாகக் காளான் பொறுக்கி வந்து வீடெங்கும் காயப்போட்டு, நீ காலுறை தேடி அலைந்தாயாம். "என் கணவர்" என்று வேறு எழுதியிருக்கிறாய். தனியாக இருப்பதாகத்தானே என்னிடம் சொன்னாய்? கல்யாணம் ஆகியிருந்தால் நல்லதுதான், கோபமில்லை. ஷீனாவுக்குத் தெரிகிற விஷயம் எனக்குத் தெரிய வேண்டாமா?

அதைப் படித்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்குச் சிரிப்பது என்று புரியாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பா,
ரானல்ட்


பிராக்
10 நவம்பர் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மழையில் நனைந்துகொண்டு கிடாவைத் தேடிப் போகாதீர்கள். கால்நடை மருத்துவரை வரச்சொல்லி அதன் காலைக் காட்டுங்கள்.

லுபோஷ் கற்பனை, அப்பா. எங்கள் ஆசிரியர் வென்டல் அமெரிக்கர். "தனியா இருக்கிற பொண்ணு புலம்பினா யார் படிப்பாங்க? ஒரு செக் புருஷனைக் கொண்டு வாம்மா" என்றார். கொண்டுவந்தேன். இப்போது பத்திரிகையின் இணையதளத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவனைப் பற்றிப் படிக்கத்தான் வருகிறார்கள். செய்தியை யாரும் சீந்துவதில்லை. அவன் செருப்பை எங்கே வைத்தான் என்று எழுதினால் போதும், கடிதம் குவிகிறது.

உங்களை விட்டுவிட்டு எந்தக் கல்யாணமும் நடக்கவில்லை. நிம்மதியாக இருங்கள்.

அன்புடன்,
மைரி


தீவு வீடு
30 நவம்பர் 2009

அன்பு மகளே,

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"கொஞ்ச நாள் அப்பாவின் தீவுக்குப் போகிறேன், இனி அங்கிருந்து எழுதுவேன்" என்று உன் பத்தியில் வந்திருந்தது. எனக்குத் தனியாகச் சொல்ல மறந்திருப்பாய் என்று நினைத்தேன். உன் அறையில் அடுப்பு மூட்டி, படுக்கையைச் சூடாக்கி வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை படகுத்துறையில் போய் நின்றேன். தபால் பைகள் இறங்கின. ஒரு பசுங்கன்று இறங்கியது. நீ இறங்கவில்லை.

மறுநாள் போன் அடித்தது. முட்டைக்காக வந்திருந்த ஷீனா எடுத்துப் பேசினாள். "லுபோஷ்னு ஒருத்தர். மைரியோட புருஷனாம். அவ இங்க இருக்காளான்னு கேக்கறார்" என்று என் காதில் கத்தினாள். கற்பனை என்று நீ எழுதிய ஆள், மகளே. என்ன சொல்வது? "இருக்கா, ஆட்டுக்குத் தீனி வைக்கப் போயிருக்கா" என்று சொல்லச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உன்னைத் தேடுகிறவன் நல்லவனா கெட்டவனா என்று தெரியாதபோது, நீ என் பக்கத்தில் இருப்பதாகச் சொல்வது நல்லது என்று தோன்றியது போலும்.

நீ எங்கே இருக்கிறாய்? அவன் உன்னை அடித்தானா? இதற்கு மட்டுமாவது பதில் போடு. இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் முகவரிக்குத்தான் அனுப்புகிறேன்.

அப்பா


பிராக்
7 டிசம்பர் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

அவர் என்னை அடித்ததில்லை. கடிந்து ஒரு வார்த்தை பேசியதுகூட இல்லை. முதலில் அதை நம்புங்கள்.

லுபோஷ் நிஜம். போன வருஷம் வசந்தத்தில் நகராட்சி மண்டபத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அம்மா போன பிறகு, போன் செய்யும்போதெல்லாம் "எப்ப வந்துடுவ?" என்று கேட்பீர்கள். "இங்க வேலை முடிஞ்சதும்" என்பேன். இங்கே ஒரு கணவர் இருக்கிறார் என்று தெரிந்தால், நான் இனி வரவே போவதில்லை என்றும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் டிராம் பணிமனையில் மெக்கானிக். முதலில் என் பத்தியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பீர்க்கடையில் முன்பின் தெரியாத ஆங்கிலேயர்கள் "என்ன காளான்காரரே" என்று தோளில் தட்ட ஆரம்பித்தார்கள். அவருடைய அம்மா சூப்பில் உப்புப் போட மறந்ததை எழுதினேன். அதையும் யாரோ மொழிபெயர்த்து அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "இத்தோட நிறுத்திக்கோ மைரி" என்று ஒரு தடவை சொன்னார். நிறுத்துகிறேன் என்றேன். நிறுத்தினால் பத்திரிகையே படுத்துவிடும் என்றார் வென்டல். நான் நிறுத்தவில்லை.

அதன்பிறகு அவர் வீட்டில் பேசுவதை விட்டுவிட்டார். சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். "ஏதாவது சொல்லுங்க" என்றால், "எதுக்கு? வியாழக்கிழமை பத்திரிகையில படிச்சுக்கறதுக்கா?" என்பார். அந்த மௌனம் தாங்காமல்தான் கிளம்பினேன். எங்கே போவது என்று தெரியவில்லை. தீவுக்குப் போவதாக எழுதிவிட்டு, ஆபீஸ் சோபாவில் படுத்துக்கொள்கிறேன். அவர் இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்று தெரியும். நீங்கள் படகுத்துறைக்குப் போவீர்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை, அப்பா.

இன்று வென்டல், "பிரிஞ்சதையே எழுதேன், ஜனங்க உருகிடுவாங்க" என்றார். உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே பயமாகிவிட்டது. பிழை அவர் பக்கமா, என் பக்கமா? ஒரு நாள் ஒன்று சரியாகத் தோன்றுகிறது, மறுநாள் இன்னொன்று.

மைரி


தீவு வீடு
15 டிசம்பர் 2009

அன்பு மகளே,

அவன் வந்துவிட்டான். உன் கடிதமும் அவனும் ஒரே படகில் வந்தார்கள். கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் கதவைத் தட்டினான். நெட்டையாக, குளிரில் மூக்கு சிவந்து நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று அடம்பிடித்தான். உன் அறையை எட்டிப் பார்த்தான். கொட்டிலைப் பார்த்தான். நீ இல்லை என்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தான் பார். பொய் சொல்லி அகப்பட்டுக்கொண்டு இந்த வயதில் தலைகுனிந்து நின்றேன். அவனோ, அடுப்பில் விறகு குறைந்திருந்ததைப் பார்த்து, போய் வெட்டிக்கொண்டு வந்தான்.

முதல் நாள் வாயே திறக்கவில்லை. மறுநாள் கஞ்சி குடிக்கும்போது ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை, தலையை ஆட்டினேன். இன்னொன்று சொன்னான். அதற்கும் ஆட்டினேன். அன்றிலிருந்து நிறுத்தவேயில்லை. அவன் மொழியிலும் உடைந்த ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிப் பேசுகிறான், சிரிக்கிறான், சில சமயம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். நான் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது என்று தெரிந்துகொண்டான் போலிருக்கிறது. ஷீனா வந்தால் கப்சிப்.

ஒரே ஒரு தடவை, என்னிடம் ஏதோ கேட்கும்படி அவளிடம் சொன்னான். அவள் காகிதத்தில் எழுதிக் காட்டினாள்: "மைரி சின்ன வயசுல எப்படி இருந்தா?" நீயாக எழுதுவதைத் தவிர உன்னைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. நீ கிணற்றடியில் உட்கார்ந்து கோழிகளோடு மணிக்கணக்காகப் பேசுவாயே, அதைச் சொன்னேன்.

உன் பக்கம் பேசுவதா, அவன் பக்கம் பேசுவதா என்று தெரியவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லட்டுமா?

அப்பா


பிராக்
22 டிசம்பர் 2009

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். அவர் என்ன பேசினார் என்று கேட்டு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது உங்களுக்குச் சொன்னது.

பிரிவைப் பற்றி எழுதியதை வென்டலிடம் கொடுக்கவில்லை. கிழித்துப் போட்டேன். "இப்ப இது லீவா, ராஜினாமாவா?" என்று கேட்டார். "தெரியல" என்றேன். "வியாழக்கிழமை அந்த இடத்துல நான் என்னத்தைப் போட?" என்றார். அதுவும் தெரியவில்லை என்றேன். பாவம், டிராம் நேரப் பட்டியலைப் போட்டுவிட்டார்.

ஜனவரி முதல் சனிக்கிழமைப் படகில் வருகிறேன். அவரிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அதற்கு முந்தின படகில் அவர் கிளம்பினால் தடுக்காதீர்கள். அவர் இருந்தால் மன்னிப்பு எந்த மொழியில் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வருவேன். செக்கில் சொன்னால் மனப்பாடம் செய்ததுபோல் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொன்னால் பத்தி எழுதுவதுபோல் இருக்கிறது.

மைரி