இருபத்திரண்டு அடியில் இரண்டு பேர்

ஏப்ரல் 9, செவ்வாய்

என் புருஷன் மெர்ல், டிரெய்லர் வீடு ஒன்று வாங்க வேண்டும் என்கிறான். பிக்கப் வண்டியின் பின்னால் கோர்த்து இழுத்துப் போகிற ரகம். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. ஓய்வு பெற்று ஒன்பது நாள்தான் ஆகிறது. முப்பத்தைந்து வருடம் நிலக்கரி ரயில் ஓட்டியவன், வாரத்தில் நாலு நாள் வெளியூர்ப் படுக்கை. போதாதா?

"கெர்ன்சி ஏரிக்கரையில, தண்டவாளம் தெரியற மாதிரி டிரெய்லர் போட்டு உக்காந்திருப்பாங்க வோன்னி. முட்டை பொரிச்சிக்கிட்டே கை காட்டுவாங்க. எத்தனை தடவை கடந்து போயிருப்பேன். ஒரு தடவை நானும் அங்க உக்காந்து கை காட்டணும். உன்கூட."

இதற்கு எப்படி முடியாது என்பது?

ஆனால் எனக்குப் பயம். வெளியில் சொல்ல வெட்கம், இங்கே எழுதலாம். அவன் வீட்டிலிருக்கும் நாட்களில் அவன் கீழ்த்தளத்தில், நான் மேலே. நாங்கள் சண்டையில்லாமல் காலம் தள்ளியதற்குப் பாதிக் காரணம் அந்தப் படிக்கட்டு. டிரெய்லரில் ஏது படிக்கட்டு? ஏழு நாள் பயணம் என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

ஏப்ரல் 13, சனி

ஸ்காட்ஸ்பிளஃப் போய்ப் பதினோரு டிரெய்லர் பார்த்தோம். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் செய்வதை நாங்களும் செய்தோம். ஷூவைக் கழற்றிக் கட்டிலில் படுத்தோம். குளிக்கிற இடத்தில் உடுப்போடு நின்று தலை தேய்க்கிற மாதிரி முழங்கையை ஆட்டினோம். ஒன்றில் ஏறினால் எங்களுக்கு முன்னாலேயே ஒரு தம்பதி கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார்கள். "மெத்தை சுமார்தான்" என்றாள் அந்தப் பெண், எழுந்திருக்காமலே.

கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும், அது முக்கியம். மெர்ல் உள்ளே, விற்பனைக்காரர் ட்ரென்ட் கதவுக்கு வெளியே.

"முட்டி இடிக்குதுப்பா."

"கொஞ்சம் சாஞ்சாப்ல உக்காருங்க சார், பழகிடும்."

முட்டி இடிக்கிற அந்த இருபத்திரண்டு அடிதான் எனக்குப் பிடித்தது. ஜன்னல் பெரியது. மெர்லுக்குப் பிடித்தது முப்பத்திரண்டு அடி, சுவரில் கணப்பு வைத்தது.

"நெருப்பே இல்லாத கணப்பு எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

ஏப்ரல் 14, ஞாயிறு

விட்டுக்கொடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு அடி. பெருந்தன்மை எல்லாம் இல்லை – பத்தடி கூடுதல் என்றால் பத்தடி தள்ளி உட்காரலாம் அல்லவா?

ஏப்ரல் 20, சனி

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஏன்தான் கொடுத்தார்களோ.

மெர்ல் நேரே முன்னால் பார்த்தபடி கடை வாசலில் வலப்பக்கம் திருப்பினான். ரயிலில் நூற்றிருபது பெட்டியும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துவிடும். டிரெய்லர் அப்படியா வரும்? அது மூலையைக் குறுக்கே வெட்டி, டூலிப் பூப்பாத்தியில் ஏறி, நல்வரவுப் பலகையைச் சாய்த்தது. இவனுக்குத் தெரியவே இல்லை. "என்ன சத்தம்?" என்று என்னைக் கேட்கிறான்.

"பரவால்ல சார், அந்த போர்டு வருஷத்துக்கு மூணு தடவை விழும்" என்றார் ட்ரென்ட்.

வீடு வந்ததும் மெர்ல் சொன்னான்: "என் வேலைல ஸ்டீயரிங்கே கிடையாது வோன்னி. இந்த யோசனைய விட்ருவோம்."

தப்பித்தோம் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவன் கீழ்த்தளத்துக்குப் படி இறங்குகிற சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 21, ஞாயிறு

அழுதால் ஆச்சா? இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். அதற்கு முன்னால் அப்பாவின் மக்காச்சோள வண்டியை டிராக்டரில் கோர்த்து, ரிவர்ஸில் கொட்டகைக்குள் விட்டவள். யார் ஓட்டுவது என்று அவனும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, மடச்சி!

நான் ஓட்டுகிறேன் என்று காலையில் சொன்னேன். "அப்ப நான் என்ன பண்றது?" என்றான்.

ஏப்ரல் 27, சனி

ஓட்டுகிறவளுக்குப் பிடித்ததே இருக்கட்டும் என்று மெர்ல் சொல்லிவிட்டதால், இருபத்திரண்டு அடியை வாங்கியாயிற்று. நானே ஓட்டி வந்தேன். டூலிப் ஒன்றுகூடச் சாகவில்லை. மெர்ல் பக்கத்தில் சூட்கேஸ் மாதிரி உட்கார்ந்து வந்தான்.

மே 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் வாகன நிறுத்தத்தில் ரிவர்ஸ் பழகினோம். மக்காச்சோள வண்டிக்கு மேலே பார்த்து ஓட்டலாம். இது பின்னால் ஒன்றும் தெரியாத சுவர். மெர்ல் பின்னால் நின்று கையை வீசினான்.

"அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்? உன் பக்கமா, என் பக்கமா?"

"நல்ல பக்கம்."

போதகரின் மனைவி காதைப் பொத்தாத குறை. இறங்கி, கதவை அறைந்து சாத்தினேன். இதற்குத்தான் பயந்தேன், இருபத்திரண்டு அடியில் இதுதான் நடக்கப்போகிறது என்று தோன்றியது.

அவன் வீட்டுக்கு நடந்து போய் வாக்கி-டாக்கி இரண்டு எடுத்து வந்தான். ஒன்றை என் கையில் வைத்தான்.

"ரயிலைப் பின்னால தள்ளும்போது ஓட்டறவனுக்கு ஒண்ணும் தெரியாது. கீழ நிக்கறவன் தூரம் சொல்லுவான். ஒரு பெட்டின்னா அம்பது அடி. அவன் குரல் நின்னுட்டா, கடைசியா சொன்ன தூரத்துல பாதிக்குள்ள வண்டி நிக்கணும். அதான் சட்டம். சேந்த புதுசுல அஞ்சு வருஷம் கீழ நின்னு சொன்னவன் நான்."

அப்புறம் என் காதருகே ஒரு குரல் – மெதுவாக, அவசரமே இல்லாமல். "மூணு பெட்டி. ரெண்டு. பின்பக்கம் உன் கதவுப் பக்கம் வரட்டும். ஒரு பெட்டி. அரை. பத்தடி. அஞ்சு. போதும்."

கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். அவனுடைய வேலைக் குரலை இன்றுதான் முதல்முறை கேட்கிறேன். இத்தனை நிதானத்தை எங்கே வைத்திருந்தான்?

"இன்னொரு தடவை" என்றேன். தேவையே இல்லை. கேட்க ஆசையாக இருந்தது.

மே 13, திங்கள்

கெர்ன்சி. மர இடுக்கு, நெருக்கமான இடம். பக்கத்துத் தம்பதி அரை மணியாக முன்னும் பின்னும் போய், ஒருவரையொருவர் பிறந்த ஊர்வரை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒரே தடவையில் உள்ளே போனோம். அந்த அம்மாள் தன் புருஷனிடம் "பாத்தியா?" என்றாள். மெர்ல் வாக்கி-டாக்கியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரோ பதக்கம் குத்தியதுபோல் உலாத்தினான்.

மே 16, வியாழன்

நாள் முழுக்க மழை. சீட்டு. நான் ஜெயித்தது ஒன்பது ஆட்டம், அவன் நாலு. முட்டி இடிக்கத்தான் செய்கிறது.

மே 20, திங்கள்

காலை ஏழு நாற்பதுக்கு நிலக்கரி ரயில் போனது. முட்டை பொரித்துக்கொண்டே கை காட்டினோம். ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். மெர்ல் கடிகாரத்தைப் பார்த்து "நாலு நிமிஷம் லேட்டு" என்றான்.

இன்று எட்டாவது நாள். ஏழு நாள் என்று சொன்ன நானே சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தேன்.