குக்கர் வயரை வெட்டிய பராக்கிரமம்

அன்புள்ள மகேஸ்வரி அக்காவுக்கு, கடல் தாண்டிய தம்பி அன்புமணியின் வணக்கம். முட்டுவலி குறைந்ததா? யாரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு, மாமன் பெருமை தெரியட்டும்.

இந்தப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பிளக் உள்ள எந்தச் சாமானும் என் மின்பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் அங்கேயே வயரை வெட்டிவிடுவேன். என்னைக் கண்டால் மின்சாரமே எழுந்து நின்று கும்பிடும்!

துறைத்தலைவர் மட்டும் தன் டீ கெட்டிலைத் தர மறுத்தார். “முதலில் நீ இங்கே வைத்திருக்கும் சோற்றுக் குக்கரைச் சோதித்துக் காட்டு” என்றார். “ஏலே, பட்டினி கிடக்காத” என்று திண்டுக்கல்லில் நீ வாங்கித் தந்த குக்கர். யானை மிதித்தாலும் தாங்கும் என்று மார்தட்டிச் சோதனைக் கருவியில் மாட்டினேன். மின்கசிவு! எல்லோரும் பார்க்க நானே வயரை வெட்டினேன். தலைவர் தானே போய்க் கெட்டிலைக் கொண்டுவந்தார். எழுந்த கைதட்டல் நம் திண்டுக்கல் மலைக்கோட்டை வரை கேட்டிருக்குமே?

குக்கர் இங்கே வாங்கிக்கொள்கிறேன். பருப்புப்பொடி மட்டும் அனுப்பு. பொட்டலத்தில் முகவரியை உன் கையாலேயே எழுது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கும்பிட்ட மின்சாரமும் கைதட்டலும் புளுகு. வயரை வெட்டியது மட்டும் நிஜம் அக்கா. வெட்டும் முன் கை செத்த நேரம் நின்றது.

உன் தம்பி,
அன்புமணி